மரீனா பே இரவுப் பந்தயம்: சீட்டு வாங்கியவருக்கும் சாலையை விட்டுக்கொடுத்தவருக்கும்

சிங்கப்பூரில் எஃப்1 (ஃபார்முலா 1) கார் பந்தயப் பேச்சை எடுத்தாலே இரண்டு கேள்விகள் வந்து விழும். "டிக்கெட் எவ்வளவு?" "எந்த ரோடெல்லாம் மூடுறாங்க?" முதல் கேள்வியைக் கேட்பவர் காசு கொடுத்து உள்ளே போகப்போகிறவர். இரண்டாவதைக் கேட்பவர் சன்டெக் அலுவலக வளாகத்தில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், நகருக்குள் டாக்சி ஓட்டுபவராக இருக்கலாம், பாடாங் திடல் பக்கம் கடை வைத்திருப்பவராக இருக்கலாம். அவரும் இந்தப் பந்தயத்துக்குப் பணம் கட்டியவர்தான். அவருடைய பங்கு வரியிலிருந்து போகிறது. எனவே மரீனா பே பந்தயத்தை ஒரு சேவையாக வைத்து மதிப்பிடுவதென்றால் இருவர் பக்கமும் பார்க்க வேண்டும். சீட்டு வாங்கியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நல்ல சேவை. வாங்காதவருக்குக் கிடைப்பது மாற்றுப்பாதைப் பலகை.

முதலில் சரக்கு என்ன என்று பார்ப்போம். 2008 செப்டம்பர் 28 அன்று இங்கு நடந்ததுதான் எஃப்1 வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம். கொவிட் காரணமாக 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் நடக்கவில்லை. 2022-ல் திரும்பி வந்தபோது மூன்று நாளில் 302,000 பேர் வந்தார்கள்; அதுவே இன்றுவரை உச்சம். 2023-ல் 264,108, 2024-ல் 269,072, 2025-ல் 300,641. 2023-ன் சரிவுக்கு ஆர்வக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. என்எஸ் ஸ்குவேர் என்ற புதிய நிகழ்ச்சித் திடலின் கட்டுமானத்துக்காக மரீனா பே மிதவை மேடையின் பெரிய பார்வையாளர் மாடத்தை மூடிவிட்டார்கள், இருக்கைகள் குறைந்தன. அதே காரணத்தால் தடமும் மாறியது. 23 வளைவுகள் 19 ஆயின. சுற்றின் நீளம் 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது 4.940 கிலோமீட்டர் ஆனது; 61 சுற்றுகள் 62 ஆயின. ராஃபிள்ஸ் அவென்யூவில் சுமார் 400 மீட்டர் நேர்பாதை ஒன்று புதிதாகக் கிடைத்தது. ஒப்பந்தம் 2028 வரை.

கார்கள் டயர் மாற்ற நிற்கும் பிட் கட்டடத்தை ஒட்டிய பகுதி நீங்கலாக, தடத்தின் பெரும்பகுதி அன்றாடம் பேருந்து ஓடும் சாலை. ராஃபிள்ஸ் புளவார்ட், நிக்கல் ஹைவே, ஸ்டாம்ஃபர்ட் ரோடு, செயின்ட் ஆண்ட்ரூஸ் ரோடு, ஆண்டர்சன் பாலம், எஸ்பிளனேட் டிரைவ். இந்தப் பந்தயத்தின் அழகும் இதில்தான், வம்பும் இதில்தான்.

சீட்டு வாங்குபவர் பக்கம்

இடம் நான்கு ஸோன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஸோன் 1 பிட் கட்டடமும் தொடக்கக் கோடும் உள்ள பகுதி. ஸோன் 4 பாடாங்கைச் சுற்றியது. பெரிய இசை நிகழ்ச்சிகள் நடக்கும் மேடை அங்கேதான். சீட்டில் இரண்டு வகை. மாடத்தில் எண் போட்ட இருக்கை ஒன்று. இருக்கை இல்லாமல் நடந்தும் நின்றும் பார்க்கும் 'வாக்கபவுட்' மற்றொன்று. வாக்கபவுட்டில் மலிவானது ஸோன் 4-க்குள் மட்டும் செல்லும். எல்லா ஸோனுக்கும் செல்லும் பிரீமியர் வாக்கபவுட்டின் விலை அதைவிட நன்றாகவே கூடுதல். விலை கட்டம் கட்டமாக ஏறும்: முந்திக்கொள்பவருக்கு ஒரு விலை, அடுத்த கட்டத்துக்கு ஒன்று, கடைசியில் முழு விலை. வெள்ளிக்கிழமை சீட்டு மலிவு, ஞாயிறு கூடுதல். ஒரே ஆள் மூன்று நாளும் போவதானால் மூன்று நாள் சீட்டே லாபம். ஆனால் வெப்பத்தில் மூன்று நாள் நிற்க உடம்பு ஒத்துழைக்குமா என்பதைச் சீட்டுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கே பெரும்பாலோர் சறுக்குவது ஸோன் விஷயத்தில். குடும்பத்தில் இருவர் ஸோன் 4 சீட்டும், இருவர் முதல் வளைவு மாடத்துச் சீட்டும் வாங்கிவிட்டு, "உள்ளே போய்ச் சேர்ந்துக்கலாம்" என்று நினைப்பார்கள். ஸோன் 4 சீட்டுக்காரர் மற்ற ஸோனுக்குள் போக முடியாது. மாடத்துச் சீட்டுக்காரர் எந்தெந்த ஸோனுக்குப் போகலாம் என்பதும் சீட்டுக்குச் சீட்டு மாறும். சீட்டில் போட்டிருக்கும் நுழைவாயில் எண்ணும் அப்படித்தான். தவறான வாயிலில் போய் நின்றால் தடத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும், குறுக்கே வழி கிடையாது. வாங்கும் முன் ஸோன் வரைபடத்தைத் திறந்துவைத்து, யார் யாரோடு இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். விலை அப்புறம்.

மலிவான வாக்கபவுட்டில் என்ன தெரியும்? நேர்மையான பதில்: கார் கொஞ்சம், திரை நிறைய. செயின்ட் ஆண்ட்ரூஸ் ரோட்டில் கான்கிரீட் தடுப்பு, அதன்மேல் ஆளுயரத்தையும் தாண்டிய கம்பி வலை, அப்புறம் ஓர் இடைவெளி, பிறகுதான் நாம் நிற்கும் கம்பித் தடுப்பு. ஒன்பதாம் வளைவைக் கடந்து கார் வேகம் பிடிக்கும்போது முதலில் சத்தம் வரும். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு நிறம் வலைக்குப் பின்னால் ஓடி மறையும். எந்த அணி என்று தெரிந்துகொள்ள இரண்டு மூன்று சுற்றுகள் பழக வேண்டும். கைப்பேசியில் எடுத்தால் கார் மங்கலாகவும் கம்பி துல்லியமாகவும் விழும்; திரையைத் தொட்டு ஃபோகஸை முன்கூட்டியே சாலையில் நிறுத்திவைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். உயரமான பார்வை மேடைகள் சில உண்டு, ஆனால் அவை கார்கள் வெளியே வருவதற்கு வெகுநேரம் முன்பே நிரம்பிவிடும். அங்கே இடம் பிடித்தவர் கழிவறைக்குப் போனால் இடம் போச்சு. இருவராகப் போவது இதற்காகவே நல்லது.

பந்தயத்தைப் பந்தயமாகப் பார்க்க விரும்புகிறவருக்கு மாடம்தான். எஸ்பிளனேட் டிரைவ் நேர்பாதையின் முடிவில் 14-ஆம் வளைவை நோக்கி இருக்கும் கானாட் மாடம் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும். வேகமாக வந்து கடுமையாக பிரேக் பிடிக்கும் இடம் என்பதால் முந்தும் முயற்சி அங்கே கண் முன்னால் நடக்கும். முதல் வளைவு மாடம் தொடக்க நேரத்தின் பரபரப்புக்கு. அதற்குப் பிறகு ஆறு நிமிடத்தில் வரிசை நிலைத்துவிட்டால் மீதி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிட்டுக்கு எதிரே உள்ளது டயர் மாற்றும் வித்தையைப் பார்க்க; விலை அதற்கேற்ப. ஆண்டர்சன் பாலத்தை நேராகப் பார்க்கும் இருக்கைகள் அதிகம் இல்லை. 1910-ல் திறந்த இரும்புப் பாலத்தின் வளைவுக்குள் கார் நுழைந்து வெளியேறுவது தொலைக்காட்சியில்தான் நன்றாக அமையும்.

இன்னொன்று. இந்தத் தடத்தில் முந்துவது கடினம். அதனால் யார் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறார் என்பதே பாதி பந்தயம். அதைத் தீர்மானிக்கும் சனிக்கிழமை தகுதிச்சுற்றில் ஒவ்வோர் ஓட்டுநரும் சுவரை உரசும் தூரத்தில் காரை விடுவார். ஞாயிறு சீட்டு கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் சனிக்கிழமையைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஞாயிறன்று பந்தயத்தின் நடுவில் கார்கள் டயரைக் காப்பாற்றிக்கொண்டு வரிசையாகப் போவதைப் பார்த்துக் கொட்டாவி விட்டவர்கள் ஏராளம். 2008 முதல் 2023 வரை இங்கே ஒவ்வொரு பந்தயத்திலும், விபத்தானால் முன்னால் போய் எல்லாரையும் மெதுவாக ஓட வைக்கும் பாதுகாப்பு கார் வெளியே வந்து அந்த வரிசையைக் கலைத்துவிட்டது. 2024-ல் முதன்முறையாக அதுவும் வரவில்லை.

வெப்பமும் மழையும்

இரவில் நடப்பதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பி வருகிற வெளியூர்க்காரர்கள் உண்டு. நமக்குத் தெரியும். எட்டு மணிக்குப் பந்தயம் தொடங்கும்போதும் 30 பாகையை ஒட்டிய வெப்பம், காற்றில் ஈரம், கூட்டத்தின் மூச்சு. 2025-ல் எஃப்1 வரலாற்றிலேயே முதன்முறையாக 'வெப்ப அபாயம்' அறிவிக்கப்பட்டது இங்கேதான். ஓட்டுநருக்குக் குளிரூட்டும் சட்டை தரும் ஏற்பாடு அது. நமக்குக் கிடைப்பது கைவிசிறி. பருத்தி மேற்சட்டை, மூடிய காலணி, உப்புச்சத்து கலந்த பானம் இவை மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். செருப்பு வேண்டாம். பாடாங் புல் மழைக்குப் பிறகு சேறாகும். அதைவிட, கூட்டத்தில் காலை மிதித்துவிடுவார்கள்.

மழைக்குக் குடையை நம்பக்கூடாது. விரித்தால் பின்னால் நிற்பவர் சண்டைக்கு வருவார். மெல்லிய மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒரு நெகிழிப் பை. 2022-ல் மழையால் பந்தயம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத் தொடங்கியது. இரண்டு மணி நேர வரம்பு வந்துவிட்டதால் 61 சுற்றுக்குப் பதில் 59-ல் முடித்தார்கள். கடைசி ரயிலைக் கணக்குப் போட்டு வைத்திருந்தவர்களின் கணக்கு அன்று பிசகியது. மழை நாளில் திரும்பும் நேரத்தை ஒன்றரை மணி தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம்: 2014-ல் ஹைபிரிட் என்ஜின் வந்த பிறகு முன்போல் காது கிழிவதில்லை. ஆனாலும் பஞ்சு அடைப்பான் ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குக் காதை முழுதாக மூடும் கவசமே சரி. பஞ்சு அவர்கள் காதில் நிற்காது.

உணவு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உள்ளே விலை அதிகம், ஹலால் கிடைக்கும், சைவம் குறைவு. பசியோடு உள்ளே போகாதீர்கள். தேக்காவில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதென்றால், ஸோன் 1 பக்கம் போகிறவர் லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் ரயில் பாதையைப் பிடித்தால் ரோச்சோர், பூகிஸ் தாண்டி மூன்றாவது நிலையம் புரோமனாட். ஸோன் 4-க்குப் போகிறவர் வடகிழக்குப் பாதையில் தோபி காட், அங்கே மாறி வடக்கு-தெற்குப் பாதையில் அடுத்த நிலையம் நகர மண்டபம். டாக்சியை நினைக்கவே வேண்டாம்.

திரும்புவதுதான் சோதனை. இசை நிகழ்ச்சி முடிந்ததும் பாடாங் கூட்டம் மொத்தமும் நகர மண்டப நிலையத்தை நோக்கிப் பாயும். நிலைய வாசலில் ஆட்களைத் தொகுதி தொகுதியாகத்தான் விடுவார்கள். பந்தய இரவுகளில் ரயில் சேவையை நீட்டிக்கிறார்கள், அது நல்ல ஏற்பாடு. ஆனால் நீட்டிப்பு எல்லா இணைப்புப் பாதைக்கும் ஒரே நேரம் வரை இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. மாறி ஏறுகிறவர்கள் இரண்டு பாதையின் கடைசி ரயிலையும் பார்த்து வைக்க வேண்டும். செங்காங், பொங்கோல், சிராங்கூன் பக்கம் போகிறவர்கள் நகர மண்டபத்தில் நிற்காமல் நார்த் பிரிட்ஜ் ரோடு வழியாக கிளார்க் கீ வரை நடந்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிட நடை. வடகிழக்குப் பாதை நேராகவே கிடைக்கும், இடையில் மாற வேண்டியதில்லை. வட்டப்பாதை வேண்டியவருக்கு பிராஸ் பாசா. வாடகை கார்தான் வேண்டுமென்றால் சாலைத்தடுப்பைத் தாண்டி வெளியே வந்த பிறகு கைப்பேசியைத் திறங்கள். உள்ளிருந்து அழைத்தால் விலையும் ஏறும், ஓட்டுநரும் வந்து சேர முடியாது.

கடைசி நேரத்தில் யாரோ முகம் தெரியாதவரிடம் இணையத்தில் சீட்டு வாங்குவது பற்றி: வேண்டாம். ஒரே சீட்டுப் படத்தை நாலு பேருக்கு விற்கும் ஏமாற்று பெரிய நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் நடக்கிறது. வாயிலில் முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போவார், மற்ற மூவர் வெளியே.

வாங்காதவர் பக்கம்

சாலைகள் வழக்கமாகப் புதன்கிழமை பிறக்கும் நள்ளிரவில் மூடித் திங்கட்கிழமை விடியற்காலையில் திறக்கும். அறிவிப்பில் இருப்பது இந்த ஐந்து நாள். அனுபவத்தில் இருப்பது அதைவிட நீளம். தடுப்புச் சுவர், கம்பி வலை, விளக்குக் கம்பம், மாடம் எல்லாம் பல வாரங்களுக்கு முன்பே எழும்பத் தொடங்கும். நடைபாதை குறுகும், பேருந்து நிறுத்தம் இடம் மாறும், 36, 97 போன்ற மரீனா சென்டர் பேருந்துகள் பந்தய வாரத்தில் வேறு வழி போகும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஒரு சந்திப்பைக் கடக்க மூன்று சந்திப்பைச் சுற்ற வேண்டிவரும். நள்ளிரவு வேலையில் இந்தச் சுவர்களைத் தூக்கி அடுக்குபவர்களில் நம் ஊர்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் உண்டு. பந்தயத்துக்கு மிக அருகில் நின்றவர்கள் என்ற பெருமை நியாயமாக அவர்களுக்குத்தான்.

தகவல் தருவதில் குறை சொல்ல முடியாது. எந்தச் சாலை, எத்தனை மணி முதல், கார் நிறுத்துமிடத்துக்கு எந்த வழி என்றெல்லாம் முன்கூட்டியே வரைபடத்துடன் வருகிறது. சன்டெக், மரீனா ஸ்குவேர் கடைத்தொகுதிகளுக்குப் போக வழியும் விடுகிறார்கள். பிரச்சினை வேறு. வழி இருக்கிறது என்பதற்காக வாடிக்கையாளர் வருவதில்லை. "அந்தப் பக்கம் எஃப்1, ஜாம்" என்று ஒரு தடவை மனத்தில் பதிந்தால் மூடாத சாலைக்கும் ஆள் வராது. முதல் ஆண்டு முதலே மரீனா சென்டர் கடைக்காரர்கள் சொல்லும் குறை இது. விடுதி அறை நிரம்பும், மதுக்கூடம் நிரம்பும், சட்டைக்கடையும் மூக்குக்கண்ணாடிக் கடையும் ஈ ஓட்டும்.

விடுதிகள் விஷயத்தில் அரசு ஒரு நல்ல வேலை செய்தது. பந்தயத்தால் லாபம் பார்ப்பவர் பங்கு தர வேண்டும் என்று தனி வரி போட்டது. தொடக்கத்தில் தடத்தை ஒட்டிய விடுதிகளுக்கு அந்த நாள்களின் அறை வருவாயில் 30 விழுக்காடு, மற்ற விடுதிகளுக்கு 20. இந்தத் தெளிவு பாராட்டத்தக்கது. லாபம் பார்ப்பவரிடம் வாங்க விதி எழுதியவர்கள், நட்டப்படும் சிறு கடைக்கு அதே அளவு தெளிவாக ஒரு விதி எழுதியதாகத் தெரியவில்லை. இந்தச் சேவையில் மதிப்பெண் குறைவது இந்த இடத்தில்தான்.

செலவுக் கணக்குக்கு வருவோம். முதல் பத்தாண்டில் ஒரு பந்தயம் நடத்த ஆண்டுக்குச் சுமார் 150 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றும், அதில் 60 விழுக்காடு அரசுப் பணம் என்றும் சொல்லப்பட்டது. 2017-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது செலவு 135 மில்லியன் அளவுக்குக் குறையும் என்றார்கள். அதே நேரத்தில் வெளியிட்ட வரவு: 2008 முதல் 450,000-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள், சுமார் 1.4 பில்லியன் வெள்ளி கூடுதல் பயணத்துறை வருவாய். காப்பிக்கடையில் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து "லாபம்" என்று ஒருவரும் "நட்டம்" என்று இன்னொருவரும் சண்டை போடுவார்கள். இரண்டும் ஒரே பையில் விழும் பணம் கிடையாது. செலவில் பெரும்பங்கு பொதுப் பணம். வருவாய் என்பது பயணிகள் விடுதியிலும் உணவகத்திலும் கடையிலும் கொடுத்தது. அரசுக்கு அதிலிருந்து வரியாக வருவது ஒரு பகுதிதான். பந்தய வேலைகளில் சுமார் 90 விழுக்காடு உள்ளூர் நிறுவனங்களுக்கே போகிறது என்ற வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. விளக்கு மாட்டுபவர், மாடம் கட்டுபவர், பாதுகாவலர், உணவு தருபவர் எல்லாம் இங்கேயே இருப்பவர்கள். ஆனால் மரீனா ஸ்குவேரில் கடை வைத்திருப்பவர் கையில் இதில் எதுவும் விழுவதில்லை.

வேறு நகரங்களில் இந்தக் கேள்வியை மக்களிடமே விட்டுவிடுகிறார்கள். 2024 ஒலிம்பிக்கை நடத்தலாமா என்று 2015-ல் ஹாம்பர்க் வாக்கெடுப்பு நடத்தியது. பெரும்பான்மை வேண்டாம் என்றது. 2026 குளிர்கால ஒலிம்பிக்குக்காக 2018-ல் கால்கரி கேட்டது. அங்கும் வேண்டாம் என்றார்கள். நமக்கு வாக்கெடுப்பு வழக்கம் இல்லை. இங்கே மனநிலையை வேறு விதமாகத்தான் படிக்க வேண்டும். அந்த வாரக் கடைசியில் சிலர் ஜோகூர் பாருவுக்குப் போய்விடுவார்கள். சிலர் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்பார்கள். சிலர் மூன்று மாதத்துக்கு முன்பே சீட்டை வாங்கி வைத்திருப்பார்கள். ஒரே அலுவலகத்தில் இந்த மூவரையும் பார்க்கலாம்.

சாலை மூடுவதே கோபத்துக்குக் காரணம் என்றால் தேசிய தினக் கொண்டாட்டத்தின் மீதும் கோபம் வந்திருக்க வேண்டும். அது பாடாங்கில் நடக்கும் ஆண்டுகளில் ஒத்திகைக்காகச் சனிக்கிழமை சனிக்கிழமையாக அதே பாடாங், அதே நகர மையச் சாலைகள் மூடும். முணுமுணுப்பு உண்டு, ஆனால் அடுத்த நிமிடமே "இந்த வருஷம் பேலட் போட்டாச்சா?" என்று பேச்சு மாறிவிடும். சீட்டு இலவசம், குலுக்கல், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டாலும் விமானம் தலைக்கு மேல் பறக்கும், வாணவேடிக்கை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு நடைக்கூடத்திலிருந்து தெரியும். எஃப்1-ல் வெளியே நிற்பவருக்கு வலையும் கறுப்புத் துணியும்தான் தெரியும். சத்தம் மட்டும் இலவசம். பந்தயக் காலத்தில் கம்போங் கிளாம் போன்ற வட்டாரங்களில் நடக்கும் தெரு விழாக்கள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கின்றன, கொஞ்சம்தான்.

செலவைப் பற்றிய சந்தேகத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 2010 ஆகஸ்ட்டில் முதல் இளையர் ஒலிம்பிக்கை நடத்தினோம். முதலில் சொன்ன செலவு 104 மில்லியன் வெள்ளி, கடைசியில் வந்தது 387 மில்லியன். முதன்முறையாக நடக்கும் போட்டி, முன்மாதிரிக் கணக்கு இல்லை என்ற விளக்கம் பொய்யில்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்ணும் மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டன. 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளுக்கு அத்தகைய கசப்பு வரவில்லை. காலாங்கில் அரங்கம் ஏற்கெனவே தயார், சீட்டு விலை எல்லாருக்கும் எட்டியது, பதக்கம் வாங்கியவர்கள் நம் பிள்ளைகள். 2026 காமன்வெல்த் போட்டிகளை விக்டோரியா கைவிட்டபோது, சிங்கப்பூர் ஆராய்ந்து பார்த்துவிட்டு நடத்த விண்ணப்பிக்கப்போவதில்லை என்று 2024-ல் சொன்னது. அதற்காக யாரும் வருத்தப்பட்டுத் துக்கம் கொண்டாடியதாகத் தெரியவில்லை.

முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரன் வழக்கைத் தொடாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. எஃப்1-ஐ இங்கே கொண்டுவந்ததில் முக்கியப் பங்கு வகித்த தொழிலதிபர் ஓங் பெங் செங்கிடமிருந்தும் இன்னொருவரிடமிருந்தும் பதவியில் இருந்தபோது பரிசுகள் பெற்றது தொடர்பான குற்றச்சாட்டுகளை அவர் ஒப்புக்கொண்டார். 2024 அக்டோபர் 3 அன்று 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பந்தயம் தொடர்ந்தது, பார்வையாளர் எண்ணிக்கை 2025-ல் மீண்டும் 300,000-ஐத் தாண்டியது. ஆனால் விருந்தினர் அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சீட்டு எப்படி வந்தது என்று கேட்கும் பழக்கம் அதற்குப் பிறகு சாதாரண ஆளுக்கும் வந்துவிட்டது. அது நல்ல பழக்கம்.

யார் வாங்கலாம்

பந்தயத்தின் நுணுக்கம் தெரிந்தவர் கானாட் மாடத்துக்குச் சேமித்து வாங்கலாம். பாட்டு, கூட்டம், திருவிழா என்று போகிறவருக்கு ஸோன் 4 வாக்கபவுட் போதும். அதை இசை நிகழ்ச்சிச் சீட்டாக நினைத்து, கார்களை இனாமாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. சிறு பிள்ளைகளோடு போவதானால் வெள்ளிக்கிழமை: கூட்டம் குறைவு, நிற்க இடம் கிடைக்கும், தூக்கம் வந்தால் பாதியில் கிளம்பினாலும் மனம் அடித்துக்கொள்ளாது. வயதானவர்களை வாக்கபவுட்டில் அழைத்துப் போகாதீர்கள். உட்கார இடம் தேடியே பொழுது போய்விடும்.

2026 பந்தயம் அக்டோபர் 9 முதல் 11 வரை. சிங்கப்பூரில் முதன்முறையாக ஸ்பிரிண்ட் முறை (முதன்மைப் பந்தயத்தோடு ஒரு குறும்பந்தயமும்) வருகிறது, அதனால் பழைய சீட்டுக் கணக்கு செல்லாது. முன்பு வெள்ளிக்கிழமை இரண்டு பயிற்சிச் சுற்று மட்டும். இனி ஒரு பயிற்சியும், ஸ்பிரிண்ட்டுக்கான தகுதிச்சுற்றும். சனிக்கிழமை சுமார் 100 கிலோமீட்டர் தூர ஸ்பிரிண்ட் பந்தயமும் ஞாயிறுக்கான தகுதிச்சுற்றும் ஒரே நாளில். ஒருநாள் சீட்டுதான் வாங்க முடியும் என்றால் சனிக்கிழமையை எடுங்கள். பணம் இன்னும் இறுக்கம் என்றால் வெள்ளிக்கிழமை. பயிற்சி மட்டும் பார்த்துத் திரும்பிய காலம் போய், அன்றைக்கும் ஒரு முடிவு தெரிந்துவிடும். ஆனால் அணிகளுக்குப் பயிற்சி நேரம் குறைவதால் சுவரில் மோதும் கார்கள் கூடலாம், நிகழ்ச்சி நேரமும் தள்ளிப்போகலாம். வெள்ளிக்கிழமை என்றாலும் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.